நோயற்றவரின் நுரையீரலையும் அளக்கத்தான் வேண்டும்

நோயாளிகளுக்கே எம்.ஆர்.ஐ. கருவி போதாதிருக்கும் காலத்தில், ஒரு குறையுமில்லாதவர்களைப் படுக்கவைத்து அவர்கள் நுரையீரலில் எவ்வளவு நீர் இருக்கிறதென்று கணக்கெடுப்பானேன் என்று கேட்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆயினும் அந்தச் செலவு அவசியமானது என்பதே என் அபிப்பிராயம்.

வெறும் காற்றுப் பையென்று நாம் எண்ணியிருக்கும் நுரையீரலில், இரத்தத்திலும் திசுவிலுமாகச் சேர்ந்து, ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இடத்தை நீரே பிடித்துக்கொண்டிருக்கிறது. இருதயம் பலவீனமுற்று அதன் இடப்புறத்தில் அழுத்தம் ஏறுகையில், நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து இந்த அளவு மெல்ல உயர்கிறது. ஸ்டெதஸ்கோப்பும் எக்ஸ்ரேயும் ஆரம்பக் கசிவைப் பல சமயம் தவறவிட்டுவிடுகின்றன.

நீரைப் படமெடுப்பது எம்.ஆர்.ஐ.க்குப் புதிதல்ல; 1973-ல் பால் லாட்டர்பர் வெளியிட்ட முதல் எம்.ஆர்.ஐ. படமே நீர் நிரப்பிய இரண்டு மெல்லிய குழாய்களின் படந்தான். நீரிலுள்ள ஹைட்ரஜனின் சமிக்ஞையைக் கொண்டு இயங்கும் இக்கருவிக்கு நுரையீரல் மட்டும் நெடுங்காலம் வசப்படாமற் போனதற்குக் காரணம், கோடிக்கணக்கான காற்றறைகளின் சுவர்தோறும் காற்றும் திசுவும் சந்திப்பதால் காந்தப்புலம் சீர்குலைந்து, 1.5 டெஸ்லா கருவியில் அந்தச் சமிக்ஞை ஓரிரு மில்லி விநாடிகளுக்குள் மங்கிவிடுவதே. மேலும் மேலும் வலிய காந்தங்களைத் தேடி உலகம் ஓட, நுரையீரலுக்கோ 0.55 டெஸ்லா போன்ற மெலிந்த காந்தமே உகந்ததாக இருப்பது வேடிக்கைதான். சமிக்ஞை மறையுமுன் அதைப் பிடித்துவிடும் அதிவேகப் படமுறைகளும் இப்போது கைவந்துள்ளன.

ஆனால் நோயாளியிடம் அளந்த நீரின் அளவை எதனோடு ஒப்பிடுவது? மல்லாந்து படுத்தால் முதுகுப்புறத்தில் நீரின் அடர்த்தி மிகுகிறது. குப்புறப் படுத்தால் அந்த வித்தியாசம் குறைகிறது அல்லது திசை மாறுகிறது. மூச்சை வெளிவிட்டு நிறுத்தினால், அதே நீர் சிறிய இடத்துக்குள் அடங்குவதால், எண் உயர்கிறது. போதாக்குறைக்கு, குழாய்க்குள் ஓடும் இரத்தத்தையும் வெளியே கசிந்த நீரையும் சாதாரண அளவீடு பிரித்துச் சொல்வதில்லை. ஆகவே, படுத்த நிலையையும் மூச்சின் நிலையையும் குறிப்பிடாமல் இயல்பான அளவு இன்னதென்று ஒற்றை எண்ணை அச்சிடும் அறிக்கையால் வைத்தியருக்குப் பிரயோஜனமில்லை. ஆணும் பெண்ணும், இளைஞரும் முதியவருமாக நோயற்ற பலரை ஒரே முறையில், வேண்டுமானால் திரும்பத் திரும்ப, அளந்தே இந்தப் பிரமாணத்தை நிறுவ முடியும். எக்ஸ்ரே கதிர் கலவாத கருவியாதலால் அதற்குத் தடையுமில்லை.

நோயாளி ஒவ்வொருவரையும் எம்.ஆர்.ஐ. அறைக்குள் அனுப்பவேண்டுமென்று நான் வாதிக்கவில்லை. படுக்கையருகே வைத்துப் பார்க்கும் அல்ட்ராசவுண்டே தினசரி வேலைக்குப் போதுமானதாகலாம். ஆனால் அது காட்டும் கோடுகள் எவ்வளவு நீரைக் குறிக்கின்றன என்று சரிபார்ப்பதற்கும் இந்த அளவுகள்தாம் வேண்டியிருக்கும்.