மனை விலையும் சேரித் தெருவும்: நமக்கென ஒரு பதிவேடு

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் நில வியாபாரம் எப்படி நடக்கிறது என்று யாருக்கும் முழுசாகத் தெரியாது என்பார்கள். புரோக்கர்களுக்கு நன்றாகவே தெரியும். எந்த நஞ்சை தரிசாகப் போடப்பட்டு மனையானது, எந்த வாய்க்கால் தார்ச்சாலைக்கு அடியில் கிடக்கிறது, எந்த லே-அவுட்டின் பின்புறம் 'காலனி' இருப்பதால் விலையை எவ்வளவு அடித்துக் கேட்கலாம், எல்லாம் அவர்கள் தலைக்குள் இருக்கிறது. தெரியாமல் நிற்பவர்கள் வாங்குகிறவர்களும், குறைந்த விலைக்கு விற்றுவிட்டவர்களும்.

இந்தத் தகவலை எல்லாம் ஊர்க்காரர்களே சேர்ந்து எழுதும் பொதுப் பதிவேடாக இணையத்தில் வைக்கலாம் என்று எங்கள் பகுதி இளைஞர்கள் சிலர் பேசி வருகிறார்கள். அந்தப் பேச்சில் நானும் இருக்கிறேன். அப்படி ஒன்று வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் அதில் எதை எழுதுவது, எதை எழுதக் கூடாது என்பதை முதலிலேயே முடிவு செய்யாவிட்டால், புரோக்கருக்கு நாமே இலவசமாகச் சாதி வரைபடம் போட்டுக் கொடுத்தவர்களாவோம்.

அரசிடம் பதிவு இல்லாமல் இல்லை. பட்டா விவரத்துக்கு 'நிலமகள்' இணையதளம் இருக்கிறது. வழிகாட்டி மதிப்பு பதிவுத்துறையிடம் இருக்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைத் திட்டங்களைப் பதிவு செய்த பிறகே விற்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் சொல்கிறது. ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் கிடக்கிறது. புது நகரின் இரும்புக் கேட், சேரிக்காரர்கள் சுடுகாட்டுக்குப் பிணம் தூக்கிப் போன பாதையில் நிற்கிறது என்பதை இவற்றில் எதுவும் சொல்லாது. உறுப்பினரிடம் கேட்கலாம் என்றால், உறுப்பினரே இல்லை. புதுச்சேரியில் 1968க்குப் பிறகு 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011இல் முடிந்ததோடு சரி, கொம்யூன் பஞ்சாயத்துகள் அதிகாரிகள் கையில்.

நிலத்தை எழுதி வைப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 9ஆம் நூற்றாண்டுப் பாகூர்ச் செப்பேடு, பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில் இங்கிருந்த வேதக் கல்விச் சாலைக்கு மூன்று ஊர்களை எழுதிக் கொடுத்த கதையைச் சொல்கிறது. படித்தவர்களுக்கு ஊர், உழுதவர்களுக்கு உழவு. எல்லைக்கு அந்தப் பக்கம், சென்னை மாகாணத்தில், செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பிலிருந்த திரமென்ஹீரின் அறிக்கைக்குப் பிறகு 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கே விற்கலாம் என்று நிபந்தனை தெளிவாகவே எழுதப்பட்டது. பிரெஞ்சுக்காரர்களின் எல்லைக்குள் அந்த ஆணை செல்லாது. செல்லுபடியான இடத்தில் மட்டும் என்ன ஆனது? நிலம் கைமாறிப் போனது. 1994இல் காரணையில் பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போராடியபோது ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். தாலுகா ஆபீஸ் அலமாரியில் இருக்கும் பதிவேட்டை மக்கள் பார்க்க முடியாதபோது, அதைப் பார்க்க முடிந்தவர்கள் நிலத்தை எடுத்துக்கொண்டார்கள்.

அதனால்தான் திறந்த பதிவேடு வேண்டும் என்கிறேன். ஆனால் திறந்து வைத்தால் போதாது. 1930களில் அமெரிக்க அரசின் வீட்டுக் கடன் நிறுவனம் நகரங்களுக்கு வரைபடம் போட்டது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளைச் சிவப்பால் தீட்டி 'ஆபத்து' என்று தரம் பிரித்தது. குடியிருப்பவர்கள் யார் என்பதே குறையாகப் பதிவானது. அதே நாட்டில், 2016இல் மின்னசோட்டா பல்கலைக்கழகம் வேறொரு வரைபடத்தைத் தொடங்கியது. வெள்ளையர் அல்லாதவர்களுக்கு விற்கக் கூடாது என்று எழுதப்பட்ட பழைய பத்திரங்களைத் தன்னார்வலர்கள் ஒவ்வொன்றாக இணையத்தில் படித்துக் குறித்தார்கள். இங்கே குற்றவாளியாக நின்றது பத்திரம். இரண்டுமே வரைபடம்தான். நமக்கு இரண்டாவது வேண்டும்.

எங்கள் பேச்சில் ஒரு தம்பி கேட்டான்: "தோழர், சேரி இருக்கிறதை ஏன் மறைக்கணும்? பெருமையாவே போடுவோமே." நியாயமான கோபம். ஆனால் அவன் பெருமையோடு வைக்கும் புள்ளி, மனை தேடுபவன் போனில் 'இந்தப் பக்கம் வேண்டாம்' என்று தட்டும் பொத்தானாகிவிடும். தெருவின் சாதியை நாம் எழுத வேண்டாம். சுவரை எழுதுவோம். கேட்டை எழுதுவோம். மூடிய பொதுப்பாதை, தூர்ந்த வாய்க்கால், பூங்காவுக்கென்று காட்டி விற்ற இடம், 'குறிப்பிட்ட சமூகத்தினருக்கு மட்டும்' என்ற விளம்பரம், எல்லாவற்றையும் தேதியோடும் படத்தோடும் எழுதுவோம். மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பரில் ஒரு பங்களாவின் சுற்றுச்சுவர் விழுந்து 17 பேர் செத்தார்கள். அந்தச் சுவர் எத்தனை அடி, யார் அனுமதித்தார்கள் என்ற கேள்வியெல்லாம் பிணங்களை எடுத்த பிறகே வந்தது.

இந்தப் பதிவுகளுக்குச் சட்டத்திலும் வேலை இருக்கிறது. பட்டியலின மக்களின் வழக்கமான பாதையை, சுடுகாட்டை, பொது நீர்நிலையைத் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். வீடு தர மறுப்பதைத்தான் பிடிப்பது கடினம். ஒரு மதத்தவருக்கு மட்டும் உறுப்பினராக இடமளிக்கும் வீட்டுவசதிச் சங்கத்தின் விதி செல்லும் என்று 2005இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

விலைக் கட்டமும் அவசியம். 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டப்படி இழப்பீட்டைக் கணக்கிட, வழிகாட்டி மதிப்போடு அக்கம்பக்கத்தில் முந்தைய மூன்று ஆண்டுகளில் பதிவான பத்திர விலைகளையும் பார்ப்பார்கள். சாதியைச் சொல்லி அடித்துக் கேட்ட விலை பத்திரத்தில் ஏறினால், நாளைக்கு அரசு நிலத்தை எடுக்கும்போதும் அதே குறைந்த விலை பின்னால் வரும். சேரியில் ஒரு அக்கா தன் மனையை விற்கும் முன், பக்கத்து லே-அவுட்டில் என்ன விலைக்குப் பதிவானது என்று போனில் பார்க்க முடிய வேண்டும்.

யார் எழுதலாம்? அந்த வருவாய் கிராமத்தைச் சேர்ந்த இரண்டு பேர் நேரில் பார்த்து ஒப்புக்கொண்டால் பதிவு ஏறட்டும். தங்கள் தெருவைப் பற்றிய பதிவை நீக்கவோ வைக்கவோ கடைசி வார்த்தை அந்தத் தெரு மக்களுடையது. புகார் சொன்னவர் பெயர் எங்கும் வரக் கூடாது. முதலில் விலை கூட வேண்டாம், சுடுகாட்டுப் பாதைகளையும் பாகூர் ஏரியின் வாய்க்கால்களையும் நடந்து பார்த்துக் குறித்தால் போதும்.

தம்பி இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. "தெருப் பலகையிலேயே அம்பேத்கர் நகர்னு இருக்கு, அதை என்ன செய்வீங்க?" என்கிறான். பெயர் அப்படியே இருக்கட்டும். அந்தப் பெயரை வைத்து மனைகளை வடிகட்டும் வசதியை மட்டும் நம் பதிவேட்டில் யாரும் எழுதக் கூடாது.