பொருத்தம் பார்ப்பது விதியா, மனிதனா?

பிள்ளை இல்லாதவர் படும் துயரத்தைப் பற்றி நமது ஜனங்கள் அடிக்கடி பேசுகின்றார்கள். பெற்றோர் இல்லாத பிள்ளை படும் துயரத்தைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரேயாவார்கள். இவ்விரண்டு துயரங்களையும் ஒருங்கே தீர்க்கக் கூடிய காரியம் தத்து எடுத்தலாகும். அது ஒரு தேசத்துக்குள்ளும் நடக்கிறது. கடல் கடந்து ஒரு தேசத்துப் பிள்ளை மற்றொரு தேசத்து வீட்டுக்குப் போவதாகவும் நடக்கிறது. இரண்டிலும், மனுப் போட்டவர்கள் "இன்ன குழந்தை உங்களுக்கு" என்று செய்தி வரும் வரை காத்திருக்கும் காலம் ஒன்று உண்டு. அக்காலத்தில் மனிதர்கள் எதை நம்புகிறார்கள், எதைக் கேட்க மறக்கிறார்கள் என்பதைப் பற்றியே இவ்வாரம் எழுதுகின்றோம்.

2024-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 5-ந் தேதி, சீன சர்க்கார் இனித் தம் தேசத்துக் குழந்தைகளை அந்நியருக்குத் தத்துக் கொடுப்பதில்லை என்று அறிவித்துவிட்டார்கள். நெருங்கிய இரத்த உறவினரும், கணவனுடைய அல்லது மனைவியினுடைய முன் பிள்ளையைத் தத்து எடுப்போரும் மட்டுமே இதற்கு விலக்கு. 1992-ல் ஏற்பட்ட சட்டத்தின்படி நடந்து வந்த ஏற்பாடு இவ்வாறு முடிந்தது. அமெரிக்காவுக்கு மாத்திரமே 82,000-க்கு மேற்பட்ட சீனக் குழந்தைகள் போயிருக்கிறார்கள். 2005-ம் ஆண்டு ஒன்றில் மட்டும் ஏறக்குறைய 7,900 பேர் போனார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண் குழந்தைகள் என்பதை நேயர்கள் மனதில் வைத்துக் கொள்ள வேண்டும்.

இந்தக் காத்திருத்தல் எப்படி நடந்தது என்பதைச் சற்று விவரிப்போம். மனுச் செய்யும் தம்பதிகளின் வீட்டை ஓர் அதிகாரி வந்து பார்த்து அறிக்கை எழுதுவார். அத்துடன் போலீஸ் சர்ட்டிபிகேட், வைத்தியர் சர்ட்டிபிகேட், வருமானக் கணக்கு எல்லாம் சேர்ந்து ஒரு கட்டாகப் பீகிங் நகரத்துக் காரியாலயத்துக்குப் போய்ச் சேரும். அங்கு அது பதிவான தேதியே அவர்களுக்கு வரிசை எண் மாதிரி. பிறகு அங்குள்ள உத்தியோகஸ்தர்கள் பெற்றோர் கட்டையும் குழந்தைக் கட்டையும் பக்கத்தில் வைத்துப் பொருத்துவார்கள். அதன்பின் ஒரு புகைப்படமும், வயதும், வைத்தியக் குறிப்பும் வந்து சேரும். 2005 வாக்கில் இதற்கு ஆறு மாதம் போல் பிடித்தது. அடுத்த இரண்டொரு ஆண்டுகளில் மனுப் பதிவு செய்தவர்களோ ஆண்டுக் கணக்கில் காத்தார்கள். பத்து வருஷம் தாண்டியும் காத்தவர்கள் உண்டு. மனுதாரர் அதிகமாகவே, 2007 மே முதல் விவாகமாகாதவர், ஐம்பது வயது தாண்டியவர், உடல் மிகப் பருத்தவர் ஆகியோர் தள்ளப்பட்டார்கள்.

இவ்வளவு நீண்ட காலம் காத்திருப்போர் எதையாவது பிடித்துக் கொள்ளத்தான் வேண்டும். அவர்களில் பலர் ஒரு சீனக் கட்டுக்கதையைப் பிடித்துக் கொண்டார்கள். நிலவுக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவன், இன்னாருக்கு இன்னார் என்று பார்த்து, அவர்கள் கால்களில் கண்ணுக்குத் தெரியாத சிவப்புக் கயிற்றைக் கட்டி விடுகிறானாம். அது கல்யாணத்தைப் பற்றிய கதை. இவர்களோ அதைத் தத்துப் பிள்ளைக்கு மாற்றி, "எங்கள் குழந்தை எங்கோ பிறந்திருக்கிறது, சிவப்பு நூல் எங்களைச் சேர்த்து வைக்கும்" என்று சொல்லிக் கொண்டார்கள். நம் நாட்டில் பத்துப் பொருத்தம் பார்ப்பவரும், "எழுதினவன் அழித்தெழுத மாட்டான்" என்பவரும் சொல்லுகின்ற சமாதானம் இதுதானே? சீமைப் படிப்புப் படித்தவர்களும் துக்கம் வந்தால் விதியிடமே போய்ச் சேருகிறார்கள்.

அவர்களுடைய துக்கத்தை நாம் பரிகசிக்கவில்லை. காலியாயிருக்கும் தொட்டிலைப் பார்த்துக் கொண்டு வருஷங்களைக் கழிப்பது விளையாட்டல்ல. ஆனால் நாம் ஒன்று கேட்கின்றோம். அந்தக் குழந்தையின் காலில் நூலைக் கட்டினவன், அதைப் பெற்றவளின் கையிலிருந்து அதை ஏன் அறுத்தான்? ஒருத்தி அழுதால்தான் மற்றொருத்தி சிரிக்க முடியும் என்று ஒரு கிழவன் முன்னதாகவே தீர்மானித்திருந்தால், அவனைக் கும்பிடுவதா, கூண்டில் நிறுத்தி விசாரிப்பதா? விதி என்று சொன்னவுடன், "இக்குழந்தை எப்படி இங்கு வந்தது?" என்ற கேள்வி வாயடைத்துப் போகிறது. விதியென்னும் எண்ணத்தினால் லாபமடைகிறவர்களுக்கு வேண்டியதும் இதுதான்.

உண்மைக் காரணம் என்ன? 1980 வாக்கிலிருந்து 2015-ம் ஆண்டு முடிய, சீன தேசத்தில் பெரும்பாலோருக்கு ஒரு பிள்ளை மட்டும் என்று சட்டம் இருந்தது. மீறினால் கடும் அபராதம். முன்னோருக்குச் சடங்கு செய்யவும், வயோதிகத்தில் சோறு போடவும் ஆண் பிள்ளையே வேண்டும் என்பது அதற்கும் வெகு காலத்துக்கு முந்திய வழக்கம். சட்டமும் சடங்கும் சேர்ந்து நெருக்கியவுடன் பெண் குழந்தைகள் சந்தையிலும், ரயில் ஸ்டேஷனிலும், அனாதை விடுதி வாசலிலும் விடப்பட்டார்கள். விட்டுப் போவது குற்றமானதால், பெற்றவர் யார் என்ற குறிப்பும் அநேகமாக இல்லை.

பிறகு பணம் நுழைந்தது. தத்து எடுக்கும் ஒவ்வொரு குடும்பமும் விடுதிக்கு 3,000 டாலர் "நன்கொடை" கொடுக்க வேண்டும் என்று ஏற்பட்டது. விளைவு என்ன? ஹூனான் மாகாணத்தில் ஹெங்யாங் என்ற ஊர்ப்பக்கத்து விடுதிகள் குழந்தை வியாபாரிகளிடம் காசு கொடுத்துக் குழந்தைகளை வாங்கினது 2005-ல் அம்பலமாகிப் பலர் தண்டனையடைந்தார்கள். அதே மாகாணத்தில் லூங்ஹுயி என்ற இடத்தில், அபராதம் கட்ட முடியாத ஏழைகளின் குழந்தைகளை உத்தியோகஸ்தர்களே பிடுங்கி விடுதிக்கு அனுப்பினதைச் சீனப் பத்திரிகை ஒன்றே 2011-ல் வெளியிட்டது. பிடுங்கப்பட்ட குழந்தையும் தஸ்தாவேஜில் "கைவிடப்பட்ட குழந்தை" என்றே ஆகிவிட்டது. இதில் சிவப்பு நூல் எங்கேயிருக்கிறது? அபராதச் சீட்டும், பொய்ச் சர்ட்டிபிகேட்டும், பணப்பையுமல்லவோ இருக்கின்றன!

இது சீனர்களுடைய தோஷம் மாத்திரமல்ல. பல தேசங்களிலிருந்து பிள்ளைகளைத் தத்து எடுத்து வந்த டச்சு தேசத்து சர்க்கார், தங்கள் விசாரணையிலேயே வெகு காலம் முறைகேடுகள் நடந்திருப்பது வெளிப்பட்டதால் 2021-ல் புது மனுக்களை நிறுத்தினார்கள். தென் கொரியாவில் சர்க்கார் நியமித்த உண்மைக் கமிஷன் 2025 மார்ச்சில் வெளியிட்ட முடிவில், பெற்றோர் உள்ள பிள்ளைகளை அனாதை என்று பொய்யாக எழுதியும், ஒரு பிள்ளையின் பெயரில் மற்றொரு பிள்ளையை மாற்றியும் அனுப்பியது மெய்யென்று கண்டிருக்கிறார்கள். அக்கொரியாவிலும் வம்ச இரத்தம் என்ற பைத்தியம்தான் பிறர் பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்க்க விடாமல் தடுத்து வந்தது.

நிற்க, இதைப் படித்துவிட்டு நாம் உத்தமர்கள் என்று யாரும் மார் தட்ட வேண்டாம். "புத்" என்னும் நரகத்திலிருந்து தகப்பனைக் கரையேற்றுபவன் புத்திரன் என்று சொல்லி, தத்து எடுப்பதையே திவசச் சோற்றுக்கு ஆள் பிடிக்கும் காரியமாக்கி வைத்தது நமது சாஸ்திரம். பழைய இந்து சட்டப்படி பெண் குழந்தையைத் தத்து எடுக்க முடியாது. வேறு ஜாதிக் குழந்தை கூடாது. தாயோ தகப்பனோ தம் கையால் தானம் செய்து கொடுக்க வேண்டுமாகையால், இருவரும் இல்லாத அனாதையும் கூடாது! யாருக்கு வீடு அவசியமோ அந்தக் குழந்தைக்கே கதவு அடைப்பு. இதைவிடக் கொடுமையான தர்மம் வேறு உண்டா? 1956-ம் வருஷச் சட்டம் வந்த பிறகே இத்தடைகள் போயின. அதிலும் புருஷன் உள்ள பெண் தன் பெயரால் தத்து எடுக்கும் உரிமை 2010-ல்தான் வந்தது. சீனாவில் தத்துச் சட்டம் வந்த அதே 1992-ல்தான் நமது சேலத்தில், பெண் சிசுவைக் கொல்லாமல் இத்தொட்டிலில் போட்டுவிட்டாவது போங்கள் என்று சர்க்காரே தொட்டில் வைக்க நேர்ந்தது. அங்கும் இங்கும் நோய் ஒன்றே.

இன்றைய நிலைமை என்ன? ஓர் வக்கீல் எழுதிய கடிதத்தின் பேரில் 1984-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்நியருக்குத் தத்துக் கொடுப்பதற்கு விதிகள் வகுத்தது. 1993-ம் வருஷத்து ஹேக் உடன்படிக்கையை 2003-ல் இந்தியாவும் ஏற்றது. முதலில் சொந்த தேசத்தில் வீடு தேட வேண்டும், கிடைக்காவிட்டாலே வெளிதேசம் என்பது அதன் சாரம். 2024-25-ல் இந்தியாவில் நடந்த 4,515 தத்துக்களில் 4,155 உள்நாட்டிலேயே நடந்தன. மீதிப் பிள்ளைகள் வெளிதேசம் போனார்கள். அப்படிப் போகிறவர்கள் யார்? பெரும்பாலும் வயது ஏறினவர்கள், ஊனமோ நோயோ உள்ளவர்கள்.

நம்மவர் ஆயிரக்கணக்கில் வருஷக் கணக்காகக் காத்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் கேட்பது நோயற்ற கைக்குழந்தை. அது போதாதென்று நிறம் என்ன, நட்சத்திரம் என்ன, பெற்றவள் என்ன ஜாதி என்று விசாரிப்பவர்களும் உண்டு. எட்டு வயதுப் பிள்ளையும், கால் சரியில்லாத பிள்ளையும் அதே விடுதியில் ஜன்னல் ஓரத்தில் நிற்கிறார்கள். பெற்றோருக்குப் பிள்ளை இல்லை, பிள்ளைக்குப் பெற்றோர் இல்லை. நடுவில் நிற்பது நமது ஆசாரம். நம் தேசத்து ஊனக் குழந்தையை முன்பின் அறியாத வேற்று நிறத்தார் வந்து தோளில் தூக்கிப் போகிறார்களென்றால், நமது இரத்தப் பெருமைக்கு என்ன மரியாதை என்று கேட்கின்றோம்.

சிலர், "அந்நியருக்குக் கொடுப்பதையே அடியோடு நிறுத்திவிட்டால் என்ன?" என்பார்கள். சீன சர்க்கார் நிறுத்தினபோது, 2020-ம் வருஷத் தொற்று நோய்க்கு முன்பே இன்ன பிள்ளை என்று பொருத்தமாகி, போய் அழைத்து வருவதற்குக் காத்திருந்த குடும்பங்கள் அமெரிக்காவில் மாத்திரம் நூற்றுக்கணக்கில் இருந்தன. அப்பிள்ளைகளில் அநேகர் நோயாளிகள். உனக்குத் தாய் தகப்பன் வரப் போகிறார்கள் என்று சொல்லப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. அவர்களுக்கு வேறு வீடு காட்டாமல் கதவை மட்டும் சாத்துவது சீர்திருத்தமாகாது. கதவை அகலத் திறந்து சந்தை வைப்பதும் தர்மமாகாது. பெற்றவர் மனமாரச் சம்மதித்தாரா? சொந்த ஊரில் வீடு தேடினார்களா? பணம் கை மாறிற்றா? பிறப்பைப் பற்றிய காகிதம் மெய்யா, அது பத்திரமாயிருக்கிறதா? இந்த நான்கு கேள்விகளுக்கும் நேர்மையான பதில் இருந்தால் பிள்ளை எந்த தேசத்துக்குப் போனாலும் நமக்கு ஆட்சேபணையில்லை. ஒன்றுக்குப் பதில் இல்லையானாலும், பக்கத்துத் தெருவுக்குப் போவதையும் ஆட்சேபிப்போம்.

ஆகவே, காத்திருக்கும் தோழர்களுக்கு நாம் சொல்லுவதாவது: சோதிடனிடமும் பரிகாரத்துக்கும் போகாதீர்கள், உங்கள் மனு இருக்குமிடம் ஆகாயத்தில் இல்லை, ஒரு குமாஸ்தாவின் மேஜையில் இருக்கிறது. சீக்கிரம் வேண்டுமென்று யாருக்கும் காசு நீட்டாதீர்கள். அவசரக்காரன் பணமே அடுத்த குழந்தையைத் திருட வைக்கிறது. வயது வந்த பிள்ளையை, ஊனமுள்ள பிள்ளையை ஏற்க முடியுமா என்று உங்கள் மனதைக் கேளுங்கள். முடியாவிட்டால் முடியாது என்று ஒப்புக் கொள்ளுவதும் நாணயமே. காத்திருக்கும் நாட்களில் அந்தப் பிள்ளையின் பாஷையையும், அதன் நோய்க்குரிய வைத்தியத்தையும் கற்றுக் கொள்ளுங்கள்.

பிள்ளை வந்த பின் அதனிடம் பொய் சொல்லாதீர்கள். கடவுள் கொடுத்தார், விதி சேர்த்தது என்று சொல்லி அதைப் பெற்றவளை மறைக்காதீர்கள். உன்னைக் காப்பாற்றினோம், நன்றியோடு இரு என்று சொல்லி அதை ஆயுள் கடன்காரனாக்காதீர்கள். பிச்சையாகக் கொடுத்த வீட்டில் சுயமரியாதை வளராது. வரிசையில் நிற்பவர்கள் பெற்றோர் மாத்திரமல்லர். எழுத்துக் கூடத் தெரியாத ஒரு குழந்தையும் நிற்கிறது. அதற்கு மனுப் போடத் தெரியாது, சிபாரிசு பிடிக்கத் தெரியாது. பொருத்தம் என்று ஒன்று உண்டானால் அது அந்தக் குழந்தையின் தேவைக்கு நாம் பொருந்துகிறோமா என்பதேயாகும். நமது ஆசைக்கு அது பொருந்துகிறதா என்பதல்ல.