இஞ்சினின் வேகத்தைக் கூட்டலாமா?

கோடையில் கிணற்று நீர் கீழே இறங்கியதும், டீசல் இஞ்சின் வைத்து இறைக்கும் குடியானவர்களில் சிலர் அதன் கவர்னரில் கை வைக்கத் தொடங்குகின்றனர். ஸ்பிரிங்கை இறுக்கியோ, அதன் கீழ் வாஷர் செருகியோ, கடினமான வேறொரு ஸ்பிரிங்கை மாட்டியோ, நிமிஷத்துக்கு 650 சுற்றில் ஓடவேண்டிய இஞ்சினை 800 சுற்றில் ஓட்டுகின்றனர். வேகம் கூடினால் தண்ணீரும் கூடும் என்பது அவர்கள் வாதம். இது பார்வைக்கு நியாயமாகத் தோன்றினும், லாபத்தைவிட நஷ்டமும் அபாயமுமே இதில் மிகுதி என்பது என் திடமான அபிப்பிராயம்.

கவர்னர் இஞ்சினுக்குக் காவலாளி போன்றது. வேகம் மிகும்போது அதிலுள்ள குண்டுகள் ஸ்பிரிங்கின் பிடியை மீறி வெளிப்புறம் விரிந்து, உள்ளே செல்லும் டீசலின் அளவைக் குறைக்கின்றன. வேகம் தணிந்தால் ஸ்பிரிங் அவற்றை உள்ளே இழுக்க, டீசல் மீண்டும் கூடுகிறது. ஸ்பிரிங்கைக் கடினமாக்குவது, காவலாளியைத் தாமதமாக விழிக்கச் செய்வதேயாம். பொருந்தாத ஸ்பிரிங்கினால் இஞ்சின் ஒரு நிலையில் நில்லாது, வேகம் ஏறியும் இறங்கியும் தடுமாறுவதும் உண்டு.

650 சுற்று 800 ஆகும்போது வேகம் ஏறக்குறைய கால் பங்குதான் கூடுகிறது. ஆனால் பிளைவீலைப் பிளக்க முயலும் விசையும், கனெக்டிங் ராடின் போல்டுகளை இழுக்கும் விசையும் வேகத்தின் வர்க்கத்திற்கேற்பப் பெருகுவதால், அவை ஒன்றரை மடங்காகின்றன. இரண்டு அடி குறுக்களவுள்ள பிளைவீலின் விளிம்பு, 650 சுற்றில் நிமிஷத்துக்குச் சுமார் 4,080 அடியும், 800 சுற்றில் சுமார் 5,030 அடியும் ஓடும். குற்றமற்ற வார்ப்பிரும்புச் சக்கரத்திற்கே சுமார் 6,000 அடியை எல்லையாகக் கொள்வது பொறியியல் வழக்கம். வார்ப்பில் குமிழியோ, சாவி பொருந்துமிடத்தில் கீறலோ உள்ள பழைய சக்கரம் எவ்வளவு தாங்கும் என்பதைக் கண்ணால் அறிய இயலாது. பெல்ட் திடீரென்று கழன்று பளு நீங்கும் கணத்தில் வேகம் இன்னும் தாவும்; சக்கரம் சிதறினால் அருகில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து.

பம்பின் கணக்கையும் பார்ப்போம். வேகம் 1.23 மடங்கானால், பம்பு கேட்கும் சக்தி வேகத்தின் கனத்திற்கேற்ப ஏறத்தாழ 1.86 மடங்காகும். இஞ்சின் தரக்கூடிய சக்தியோ, மிகவும் நல்ல நிலையிலும், 1.23 மடங்கே கூடும். ஏற்கெனவே முழுப் பளுவில் உள்ள இஞ்சின் கரும்புகை கக்கி, டீசலை வீணாக்கும். இவையெல்லாம் ஒருபுறமிருக்க, மணிக்கு எவ்வளவு ஊறுகிறதோ அதற்குமேல் எந்த இஞ்சினாலும் கிணற்றிலிருந்து நீர் பெற முடியாது. நான்கு மணி நேரத்தில் வற்றும் கிணற்றை மூன்று மணியில் வற்றச் செய்வதால் ஒரு வயலும் கூடுதலாக நனையாது.

"கம்பெனிக்காரரே வேகத்தைக் கூட்டவில்லையா?" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். இங்கிலாந்தின் டர்ஸ்லி நகரத்து லிஸ்டர் கம்பெனியாரின் 'சி.எஸ்.' இஞ்சின், 1929ஆம் ஆண்டளவில் 600 சுற்றில் 5 குதிரைச் சக்தி உடையதாக வெளிவந்தது. பின்னர் 650 சுற்றில் 6 குதிரைச் சக்தியும், தனி மாடலாக 850 சுற்றில் 8 குதிரைச் சக்தியும் தரும் இஞ்சின்களை அவர்கள் செய்தனர். ஆயின் அது தொழிற்சாலையில் கணக்கிட்டுச் செய்த காரியம். கிணற்று மேட்டில் ஒரு வாஷரைச் செருகுவது அதற்கு ஈடாகாது.

அப்படியானால் செய்யத்தக்கது யாது? முதலில் தண்ணீர் குறைந்த காரணத்தைத் தேடவேண்டும். ஃபுட் வால்வில் குப்பை அடைத்தல், உறிஞ்சு குழாயின் இணைப்பில் காற்று புகுதல், பெல்ட் வழுக்குதல், பம்பின் உட்சக்கரம் தேய்தல் ஆகிய நான்கையும் சோதிக்கவேண்டும். நீர்மட்டம் வெகுவாக இறங்கியிருந்தால் பம்பைத் தாழ்த்தி வைக்கலாம். ஆனால் புகை வெளியேற வழியில்லாத கிணற்றுக்குள் இஞ்சினை ஒருபோதும் இறக்கலாகாது. பம்பு அதற்குரிய வேகத்தில் சுழலவில்லையெனில், இஞ்சினைத் தொடாமல் கப்பியை மாற்றுக. இஞ்சினில் 12 அங்குலக் கப்பியும் பம்பில் 6 அங்குலக் கப்பியும் இருந்தால் பம்பு 1,300 சுற்றுச் சுழலும். இஞ்சின் கப்பியை 13½ அங்குலமாக்கினால் சுமார் 1,450 சுற்றாகும். இஞ்சினுக்கு மிச்சச் சக்தி இருந்தால் மட்டுமே இதுவும் தகும். ஸ்பிரிங் தளர்ந்து, இஞ்சின் தன் பெயர்த் தகட்டில் கண்ட வேகத்திற்குக் குறைவாக ஓடினால், அதற்குரிய ஸ்பிரிங்கை மாட்டி, டாக்கோமீட்டரால் அளந்து, அவ்வேகம் வரை உயர்த்துவது சரியே. அத்தகட்டிலுள்ள எண்ணே எல்லை.

கிராம அதிகாரிகளுக்கும் ஒரு விண்ணப்பம். வாய்க்கால் கரையிலும் களத்திலும் வாடகை இஞ்சின் ஓடுமிடத்தில் பலர் கூடுவர். சிறுவர்கள் சக்கரத்தின் அருகிலேயே நின்று வேடிக்கை பார்ப்பர். சக்கரத்திற்கும் பெல்ட்டிற்கும் தடுப்பு உண்டா, கவர்னர் ஸ்பிரிங் மாற்றப்பட்டுள்ளதா என்று உரியவரை ஒரு வார்த்தை கேட்பது, பின்னர் விசாரணை நடத்துவதிலும் மேலானதாகும்.