கட்டுச்சோறும் அமெரிக்கன் மாவும்

விடுமுறை வந்துவிட்டால் குடும்பத்தோடு எங்கேனும் சென்றுவர வேண்டுமென்னும் ஆசை எவர்க்கும் எழுவதே. மேலைநாட்டுச் சிறார்க்கு இராட்டினங்கள் நிறைந்த கேளிக்கைப் பூங்காக்கள் உள. கந்தளாய்ச் சிறார்க்கோ திருகோணமலைக் கடலும், கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளும், நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாத்தீவுமே கேளிக்கைப் பூங்கா. சென்ற விடுமுறையில் கனடாவிலிருந்து எமது இல்லம் வந்திருந்த உறவினரின் பத்து வயதுப் பெண்ணும் எம்முடன் புறப்பட்டாள். அவளுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை ஒன்றுண்டு: கோதுமையோ வாற்கோதுமையோ ஒரு துகளேனும் அவளது உணவிற் சேரலாகாது.

இதனைச் செல்லம் என்று நகைப்போர் உளர். அஃது செல்லமன்று, 'சீலியாக்' என்னும் நோய். கோதுமைக்குப் பசைத்தன்மை தரும் 'குளுட்டன்' என்ற புரதம் உட்சென்றதும், இந்நோயுடையாரின் உடற்காவற்படை தன் சிறுகுடலையே பகையெனக் கருதித் தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் நுண்முளைகள் மழுங்கிப்போகின்றன. பிள்ளை உண்டும் மெலிகிறது, சோகை பிடிக்கிறது, வளர்ச்சி குன்றுகிறது. ஒல்லாந்து நாட்டுக் குழந்தை வைத்தியர் வில்லெம் டிக்கே என்பார், 1944-45 பஞ்சக் குளிர்காலத்திற் பாண் கிடையாதபோது இந்நோய்க் குழந்தைகள் தேறியதையும், பாண் மீண்டதும் அவர்கள் நலிந்ததையும் கண்டார். கோதுமையின் மேல் அவர் முன்னரே கொண்டிருந்த ஐயம் வலுத்தது. 1950 இல் அதனை ஆய்வு நூலாக்கினார். இன்றும் விலக்குதலே மருந்து.

சோறுண்ணும் நாட்டில், அதிலும் குளத்து நீர் பாய்ந்து நெல் விளையும் கந்தளாயில், இதற்கென்ன கவலை என்று கேட்கலாம். 1942 இல் யப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீட்டில் கோதுமை மா எமது அடுக்களைக்குள் ஆழமாய்க் கால் ஊன்றியது. கோதுமை விளையாத இந்நாட்டிற்கு மாவரைத்துத் தரும் பேராலை 1980 இல் எமது மாவட்டத்துச் சீனக்குடாவிலேயே எழுந்தது. இன்று எமது கடைத் தோசையிலே உழுந்தோடு கோதுமை மா உண்டு. இடியப்பத்திலும் பிட்டிலும் அவித்த கோதுமை மா கலப்பது வழக்கம். அப்பத்தையும் நம்புவதற்கில்லை.

வழியில் ஓர் உணவுச்சாலையில், "தம்பி, தோசையிற் கோதுமை மா சேருமோ?" என்று வினவினோம். "இல்லை ஐயா, ஒருபோதும் இல்லை" என்றார் பரிமாறியவர். அடுக்களையிலிருந்த முதியவர் எட்டிப்பார்த்து, "கோதுமை எங்கே? கொஞ்சம் அமெரிக்கன் மாதான் போடுறது" என்றார். இருவரும் பொய் பேசவில்லை! ஒரே மாவிற்குப் பாண் மா, அமெரிக்கன் மா, வெறும் 'மா' என்று பல பெயர்கள். அம்முதியவர் வாய்திறந்திராவிடில் அன்றிரவே பிள்ளை வயிற்றுவலியால் துடித்திருப்பாள்.

கட்டுச்சோற்று மூட்டையே துணையாயிற்று. புளிச்சோறு, அவித்த மரவள்ளி, தேங்காய்ச் சம்பல், பயற்றம் உருண்டை, கதலி வாழைப்பழம் எனப் பலவும் எமது இல்லாள் கட்டித் தந்தாள். புளிச்சோற்றிற்குப் பெருங்காயம் போடவில்லை. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத் தூளிற் பெரும்பாலும் கோதுமை மா கலந்திருக்கும் என்பதைப் பலர் அறியார். பாயசத்திற்குச் சேமியா ஆகாது, சவ்வரிசி ஆகும். மோல்ற் பானங்கள் வாற்கோதுமையில் ஆனவை. றோல்ஸ் பொரித்த எண்ணெயிற் பொரித்த உழுந்து வடையும், பரோட்டா தட்டிய கல்லில் வார்த்த முட்டையும் விலக்கத்தக்கனவே. 'குளுட்டன் அற்றது' என்று பெயர் பெறும் உணவில், கிலோ ஒன்றிற்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அஃது இருத்தலாகாதென்பது உலக உணவு விதி. கல்லில் ஒட்டிய மா எம்மாத்திரம் என்பார் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள டிஸ்னி உலகில், இத்தகைய விலக்கு உடையோர் சொன்னால் சமையற்காரரே வந்து எது ஆகும், எது ஆகாது என விளக்குவதுண்டு. வீட்டுணவு கொண்டுசெல்லவும் தடையில்லை. எமது கடைக்காரரிடமும் அன்பிற்குக் குறைவில்லை. மூட்டையை அவிழ்த்து உண்ண இலையும் நீரும் தந்தவரும் அம்முதியவரே. அறிவித்தலே வேண்டுவது.

ஆதலின் இத்தகைய பிள்ளையுடன் பயணிப்போர், தமிழிலும் சிங்களத்திலும் சிறு அட்டை ஒன்று எழுதிச் சட்டைப்பையில் வைத்திருத்தல் நன்று. அதிற் கோதுமை மா என்று மட்டும் எழுதினாற் போதாது. பாண் மா, ஆட்டா, ரவை, சேமியா, அமெரிக்கன் மா எனப் பெயர் அனைத்தும் இருக்கட்டும். அடுக்களையிற் சமைப்பவரிடமே அதனைக் காட்டுக.