சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம்

வீட்டில் சோப்பு செய்யும் பெண்கள் இப்போது பெருகிவிட்டார்கள். நல்ல விஷயம். அடுப்பங்கரை மேடையில் தேங்காய் எண்ணெயையும் காஸ்டிக் சோடாக் கரைசலையும் கலந்து, அச்சில் ஊற்றி, வெட்டி, நாலு முதல் ஆறு வாரம் காயவைத்து, சணல் கயிறு கட்டி விற்கிறார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தச் சோப்புக்கு வாசனை சேர்க்க அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் ஆர்டர் போடுகிறார்களே, அதைப் பற்றித்தான் இன்று சண்டை போடப் போகிறேன்.

உனக்கென்ன தெரியும் என்று கேட்பவர்களுக்கு: சென்னை ராஜாஜி சாலையில், சுங்க இல்லத்துக்கு நடந்து போகும் தூரத்தில் இருந்த ஒரு கிளியரிங் ஏஜெண்ட் அலுவலகத்தில் 31 வருஷம் வேலை பார்த்தவன் நான். ஊசி முதல் உருளை இயந்திரம் வரை வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கியதற்கெல்லாம் பில் ஆஃப் என்ட்ரி போட்டிருக்கிறேன். சோப்பு செய்யத் தெரியாது. சோப்பு செய்பவரிடம் யார் யார் எவ்வளவு கறக்கிறார்கள் என்று கணக்குப் போடத் தெரியும்.

என் மருமகள் போன வருஷம் ஆறு பாட்டில் வாசனை எண்ணெய் வரவழைத்தாள். ஒவ்வொன்றும் நாலு அவுன்ஸ், அதாவது 113 கிராம். ஆறும் சேர்ந்து 680 கிராம். சரக்கு விலை 60 டாலர், நம் பணத்தில் சுமார் 5,100 ரூபாய். விமானக் கூரியர் கூலி 70 டாலர், 5,950 ரூபாய். வரியும் கூரியர்க்காரரின் கையாளும் கட்டணமும் சேர்ந்து 3,650. ஆக மொத்தம் 14,700 ரூபாய். கிராமுக்கு 21 ரூபாய் 60 காசு. சரக்கைவிடக் கூலி கூடுதல் என்பதைக் கவனியுங்கள். நம் பெரியவர்கள் இதற்குத்தான் பழமொழி சொல்லி வைத்தார்கள். அதையே தலைப்பில் போட்டிருக்கிறேன்.

இனி சோப்புக் கணக்குக்கு வருவோம். ஒரு கிலோ எண்ணெய்க்கு மூன்று சதவீதம், அதாவது 30 கிராம் வாசனை போடுகிறாள். அதில் காய்ந்த பிறகு நூறு கிராம் கட்டி சுமார் 12 வரும். 30 கிராம் வாசனைக்கு 648 ரூபாய். ஒரு கட்டிக்கு 54 ரூபாய். அதே எண்ணெய் கூலியும் வரியும் இல்லாமல் கையில் கிடைத்திருந்தால் கட்டிக்கு 19 ரூபாய்தான். மிச்சம் 35 ரூபாய் விமானத்துக்கும் அரசாங்கத்துக்கும் போகிறது. அவள் கட்டியை 120 ரூபாய்க்கு விற்கிறாள். எண்ணெய், காரம், அட்டைப்பெட்டி எல்லாம் 32 ரூபாய். கையில் நிற்பது 34 ரூபாய். அதில்தான் அவள் உழைப்பு, மின்சாரம், உடைந்த கட்டி, கடன் சொல்லிவிட்டுப் போன வாடிக்கையாளர் எல்லாம். அவளுக்குக் கிடைப்பதைவிடக் கூரியர்க்காரரும் வரியும் எடுத்துக்கொண்டது அதிகம். இது யாருடைய தொழில்? சொல்லுங்கள்.

கூலி ஏன் இத்தனை? 680 கிராம் திரவம், கண்ணாடிப் பாட்டிலோடு 1.2 கிலோகூட இல்லை. ஆனால் விமானக் கூரியரில் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். வருவது கன எடை. நிஜ எடை, கன எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கூலி. இந்தப் பெட்டி 30, 25, 15. பெருக்கினால் 11,250. வகுத்தால் 2.25 கிலோ. அரைக் கிலோ கணக்கில் மேலே ஏற்றி 2.5 கிலோ. பாதிக்கு மேல் காற்றுக்கும் குமிழித்தாளுக்கும் கொடுத்த கூலி. அமெரிக்கக் காற்றை விலை கொடுத்து மதுரைக்கு இறக்குமதி செய்திருக்கிறோம்.

வரியும் வேடிக்கைதான். சுங்க வரி சரக்கு விலைக்கு மட்டும் அல்ல. சரக்கு விலையோடு கூலியும் காப்பீடும் சேர்த்த மதிப்பின் மேல் வரி. விமானத்தில் வந்தால் கூலியைச் சரக்கு விலையில் 20 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக்கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. அந்த மட்டும் புண்ணியம். அதற்கு மேல் ஐ.ஜி.எஸ்.டி. அது சுங்க வரியையும் சேர்த்த தொகையின் மேல் விழும். வரிக்கு வரி என்பது கிண்டல் இல்லை, கணக்கு.

இதற்குள் புத்திசாலிகள் சில வழி சொல்லிக் கொடுக்கிறார்கள். "அன்பளிப்பு என்று எழுதி அனுப்பச் சொன்னால் வரி கிடையாது" என்பது ஒன்று. 2019 டிசம்பரிலேயே அந்தக் கதவை மூடிவிட்டார்கள். உயிர் காக்கும் மருந்தும் ராக்கிக் கயிறும் தவிர, முழு வரி கட்டாமல் அன்பளிப்பாக எதையும் இறக்குமதி செய்யக்கூடாது. வாசனை எண்ணெய் இரண்டிலும் சேராது. "விலையைக் குறைத்து எழுதச் சொல்" என்பது இன்னொன்று. அது பொய்ப் பிரகடனம். பிடிபட்டால் சரக்கும் போகும், அபராதமும் வரும். "ஐந்து பேர் சேர்ந்து ஒரே பெட்டியாக வரவழைத்துப் பிரித்துக்கொள்ளலாம்" என்பது மூன்றாவது. கூலி குறையும், மறுக்கவில்லை. ஆனால் சொந்த உபயோகத்துக்கு என்று எழுதி வாங்கிவிட்டு, விற்பதற்குச் சோப்பு செய்யும் ஐந்து பேருக்குப் பிரித்துக் கொடுத்தால், கேள்வி வரும்போது பெட்டியில் பெயர் உள்ளவள் மட்டும்தான் நிற்பாள். மற்ற நாலு பேர் போனை எடுக்கமாட்டார்கள்.

இன்னொரு சங்கதி. வாசனை எண்ணெய் என்றால் தண்ணீர் போலச் சாதுவான சரக்கு இல்லை. 60 டிகிரி செல்சியஸிலோ அதற்குக் கீழேயோ தீப்பற்றும் நிலை உள்ள திரவம் விமானத்தில் அபாயச் சரக்கு. ஆரஞ்சு, எலுமிச்சை, யூகலிப்டஸ் எண்ணெய்கள் எல்லாம் அந்தக் கோட்டுக்குக் கீழே வருபவை. தனிப் பொட்டலம், தனிக் காகிதம், தனிக் கட்டணம். ஆல்கஹால் கலந்த வாசனைத் திரவியத்தை அமெரிக்கத் தபால் துறை வெளிநாட்டுக்கு எடுத்துக்கொள்வதே இல்லை. இதில் கொடுமை என்னவென்றால், காரச் சோப்பில் சீக்கிரம் பறந்துபோவதும் இந்த ஆரஞ்சு, எலுமிச்சை வாசனைதான். அதிகக் கூலி கொடுத்து வந்தது, ஆறு வாரம் காய்ந்து முடியும்போது பாதி காணாமல் போயிருக்கும்.

இவ்வளவும் சொன்னால் மருமகள் என்ன சொன்னாள் தெரியுமா? "மாமா, அவங்க பாட்டில்ல எல்லாம் எழுதியிருக்கும். இங்க வாங்கினா பேர்கூட ஒழுங்கா எழுதமாட்டான்."

இதற்கு என்னிடம் பதில் இல்லாமல் இல்லை. ஆனால் அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது, அதை மறைத்துவிட்டு வாதம் செய்தால் அது வாதம் ஆகாது. வெளிநாட்டு வியாபாரி ஒவ்வொரு எண்ணெய்க்கும் விவரம் தருகிறான். கலந்த உடனே சோப்பு இறுகிவிடுமா, வெனிலின் இருப்பதால் பழுப்பாகுமா, எத்தனை டிகிரியில் தீப்பற்றும், தோலில் படும் சோப்பில் அதிகபட்சம் எத்தனை சதவீதம் போடலாம் என்ற இஃப்ரா சான்று, பாதுகாப்புத் தாள் எல்லாம். நம் ஊர்க் கடையில் நான் அவளோடு போய் நின்று கேட்டேன். "மல்லிகை. கிலோ இவ்வளவு. எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க" என்றார். சான்று கேட்டதற்கு, "நீங்க என்ன டாக்டரா சார்?" என்றார். அந்த பாட்டிலில் ஒட்டியிருந்த சீட்டில் பூப் படம் மட்டும் இருந்தது. ஒரு குழந்தையின் முதுகில் தேய்க்கப்போகும் பொருளுக்கு இந்த மரியாதை!

என் சண்டை அதனால் இரண்டு பக்கமும்.

முதலில் நம் வியாபாரிகளிடம். ஐயா, சரக்கு இல்லாத நாடா இது? நிலக்கோட்டைச் சந்தையில் முகூர்த்த நாளில் கிலோ ஆயிரக்கணக்கில் விற்கும் மல்லிகை, வரத்து மிகுந்துவிட்டால் பறித்த கூலிக்குக்கூடக் கட்டாது. அப்போது அதை வாங்கிக்கொள்வது சென்ட் ஆலைதான். அங்கே எடுக்கும் சாறு பிரான்சுக்கும் மற்ற நாடுகளுக்கும் போகிறது. மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கேரளத்தின் தைலப்புல் எண்ணெய் கொச்சி வழியாக உலகத்துக்குப் போய் அந்தத் துறைமுகத்தின் பெயராலேயே அறியப்பட்டது. நீலகிரித் தைலம் தெரியாத வீடு தமிழ்நாட்டில் இல்லை. புதினா எண்ணெயில் உலகிலேயே முன்னால் நிற்பது நாம். கன்னோஜில் தலைமுறை தலைமுறையாக அத்தர் வடிக்கிறார்கள். அங்கே மத்திய அரசின் நறுமண, சுவை மேம்பாட்டு மையம் 1991 முதல் இருக்கிறது. எண்ணெயைப் பரிசோதித்துச் சொல்வது அதன் வேலைகளில் ஒன்று. கொஞ்சம் பணம் கட்டிப் பரிசோதித்து, ஒரு தாளில் அச்சடித்து பாட்டிலோடு கொடுக்க உங்களுக்கு என்ன கேடு? நூறு கிராம் பாட்டிலில் விற்க ஏன் கசக்கிறது? "அஞ்சு கிலோவுக்குக் கீழே தரமாட்டோம்" என்று நீங்கள் விரட்டிய பெண்தான் அமெரிக்காவுக்கு ஆர்டர் போடுகிறாள்.

முதல் உலகப் போரில் சந்தனக்கட்டை ஏற்றுமதி நின்றுபோய் மைசூரில் கட்டை குவிந்தது. மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையாரும் திவான் விஸ்வேஸ்வரய்யாவும் தலையில் கைவைத்து உட்காரவில்லை. கட்டையை அனுப்பிவிட்டு எண்ணெய்க்கு வெளிநாட்டைப் பார்ப்பானேன் என்று இங்கேயே எண்ணெய் வடித்தார்கள். 1916-ஐ ஒட்டி அரசு சோப்புத் தொழிற்சாலையும் வந்தது. அந்தச் சோப்பு இன்றும் கடையில் இருக்கிறது. நூறு வருஷத்துக்கு முன் இருந்த புத்தி இன்று நமக்கு வேண்டாமா?

அடுத்து சோப்பு செய்யும் பெண்களிடம். அந்த அமெரிக்க பாட்டிலில் மல்லிகை என்று எழுதியிருந்தால், உள்ளே மல்லிகை இருக்கிறது என்று நினைக்காதீர்கள். நிஜப் பூவின் சாறு ஒரு கிலோ எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ பூ வேண்டும். அந்த விலைக்கு அதைச் சோப்பில் ஊற்றமுடியாது. பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் பென்சைல் அசிட்டேட் போன்ற வாசனை ரசாயனங்களின் கலவை. தப்பில்லை, உலகம் முழுக்க அப்படித்தான். ஆனால் அந்த ரசாயனங்களை இந்தியத் தொழிற்சாலைகளும் செய்து ஏற்றுமதி செய்கின்றன. நிலக்கோட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு மல்லிகை வாசனைக்குக் கூரியர் கூலி கட்டுவது கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதுதான்.

"வாடிக்கையாளர் இம்போர்ட்டட் என்றால்தான் வாங்குகிறார்" என்பீர்கள். என் மருமகளின் வாடிக்கையாளர்களை நான் கவனித்திருக்கிறேன். கட்டியை எடுப்பார்கள், மூக்கில் வைப்பார்கள், விலை கேட்பார்கள். பாட்டில் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்பது சோப்பு செய்கிற இன்னொரு பெண் மட்டும்தான்.

இங்கே கிடைக்கவே கிடைக்காத ஒன்று உங்களுக்கு வேண்டும் என்றால் வரவழையுங்கள், தடுக்கமாட்டேன். ஆனால் தொழிலாகச் செய்யுங்கள். 500 ரூபாய் கட்டினால் இறக்குமதி ஏற்றுமதிக் குறியீட்டு எண் கிடைக்கும், வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் கட்டிய ஐ.ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். பில்லில் பர்ஃப்யூம் என்று எழுதவிடாதீர்கள். தொழிலுக்கான வாசனைக் கலவைக்குத் தலைப்பு எண் 3302, உடம்பில் பூசும் பர்ஃப்யூமுக்கு 3303. ஓர் இலக்கத்தில் பெட்டி வாரக்கணக்கில் முடங்கும், நான் பார்த்திருக்கிறேன். ஆறு சின்ன பாட்டிலுக்குப் பதில் அதிகம் விற்கும் ஒரே வாசனையைப் பெரிய பாட்டிலாக, பிளாஸ்டிக்கில் கேளுங்கள். பணம் கட்டும் முன் பெட்டியின் அளவைக் கேட்டு நீங்களே 5000-ஆல் வகுத்துப் பாருங்கள்.

அதற்கும் முன்னால் உள்ளூர்க் கடைக்காரரிடம் சான்று கேளுங்கள். தராவிட்டால் அடுத்த கடைக்குப் போங்கள். அங்கேயும் கேளுங்கள். ஒருத்தி கேட்டால் "நீங்க என்ன டாக்டரா" என்பார். ஐம்பது பேர் கேட்டால் அச்சடித்து வைப்பார். கூரியருக்குக் கொடுக்கிற அந்த 35 ரூபாயில் அஞ்சு ரூபாய் நம் ஊர் வியாபாரிக்குக் கூடக் கொடுங்கள், காகிதத்தோடு கொடுத்தால். மீதி 30 ரூபாய் உங்கள் கையிலேயே இருக்கட்டும். சோப்பு செய்தது நீங்கள்தானே?