அம்மன் மூக்கைப் பொத்துவதில்லை: பழவேற்காட்டு வாடையும் பாக்டீரியாவும்

ஞாயிற்றுக்கிழமை பூநாரை பார்க்க சென்னையிலிருந்து பழவேற்காடு போகிறவர்கள் முதலில் செய்வது போனை எடுப்பது. அடுத்தது, மூக்கைப் பொத்துவது. ஏரிச் சேற்றின் அழுகின முட்டை வாடை ஒரு பக்கம், மீன் வாடை இன்னொரு பக்கம். "எப்படித்தான் இங்க இருக்காங்களோ!" என்று காருக்குள் ஒரு குரல் கேட்கும்.

இரண்டு வாடைக்கும் காரணம் பாக்டீரியா. காற்றுப் புகாத சேற்றில் வாழும் சில வகைகள், உப்புநீரில் இருக்கும் சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுகின்றன. கடல் மீனின் உடம்பில் வாடையே இல்லாத ஒரு வேதிப்பொருள் உண்டு. மீன் செத்தபிறகு அதை பாக்டீரியா டிரைமெத்தில் அமீனாக மாற்றும்போதுதான் 'மீன் நாத்தம்' கிளம்புகிறது.

சரி, காருக்குள் என்ன கதை? வியர்வைக்குச் சொந்தமாகப் பெரிய வாடை கிடையாது. அக்குளில் குடியிருக்கும் பாக்டீரியா அதில் கைவைத்த பிறகுதான் டியோடரன்ட் கம்பெனிகளுக்கு வியாபாரம். மூக்கைப் பொத்துகிறவரும் தன் பங்குக்கு ஒரு சின்ன ஏரிக்கரையை சுமந்துகொண்டுதான் வந்திருக்கிறார்.

2016-ல் வெளியான ஒரு கணக்குப்படி, 70 கிலோ எடையுள்ள ஆணின் உடம்பில் சுமார் 30 லட்சம் கோடி மனித செல்கள்; பாக்டீரியா சுமார் 38 லட்சம் கோடி. ('ஒண்ணுக்குப் பத்து' என்று இன்னும் சுற்றும் கணக்கு பழசு.) மொத்த எடை 200 கிராம்தான், அதில் பெரும்பகுதி பெருங்குடலில். எண்ணிக்கையில் மெஜாரிட்டி அவர்களுக்கு. அப்போ 'நான்' என்பது யார்?

இந்தக் கேள்வி திருவண்ணாமலையில் ஏற்கெனவே கேட்கப்பட்டதுதான். 'நான் யார்?' என்பதற்கு ரமணர் சொன்ன பதில், உடம்பு நானல்ல என்று அதைத் தள்ளி வைப்பதில்தான் தொடங்குகிறது. திருமூலர் வேறு பக்கம் போகிறார்: உடம்பை இழிவென்று நினைத்திருந்தவர், உள்ளே இறைவன் குடியிருப்பதைக் கண்டு அதைப் பேணத் தொடங்கியதாகப் பாடுகிறார். இருவருக்கும் பாக்டீரியா தெரிந்திருக்கத் தேவையில்லை. ஆனால் 'நான் சுத்தம், நீ அசுத்தம்' என்கிற பேச்சுக்கு இரண்டு வழியிலும் இடமில்லை.

அம்மன் கோயில்களில் ஆடி மாசம் ஊற்றும் கூழைப் பாருங்கள். கேழ்வரகு மாவைக் கரைத்து ராத்திரி முழுக்கப் புளிக்க விடுவார்கள். இது லாக்டிக் அமில பாக்டீரியாவின் வேலை. மறுநாள் நொய்யோடு சேர்த்துக் காய்ச்சும்போது அவற்றில் பெரும்பாலானவை செத்துப்போகும். ஆறியபிறகு ஊற்றும் மோரில்தான் அடுத்த பேட்ச் வரும். தொட்டுக்கொள்ள கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை. பல வீடுகளில் அம்மன் படையலிலேயே கருவாடு உண்டு.

உடனே 'நம் முன்னோர் அன்றே கண்டுபிடித்த ப்ரோபயாட்டிக்' என்று ஒரு ஃபார்வர்ட் வரும். கொஞ்சம் பொறுங்க. வெளியிலிருந்து வரும் இந்த பாக்டீரியாவில் பெரும்பாலானவை குடலில் தங்குவதில்லை. பூநாரை மாதிரி வந்து, கொஞ்ச நாள் இருந்து, கிளம்பிவிடும். (பூநாரையின் ரோஸ் நிறமும் ஏரியில் தின்னும் பாசி, நீலப்பச்சை பாக்டீரியா, சின்ன இறால் வகைகளிலிருந்து வருவதுதான்.) ஒரே வீட்டில் வாழ்கிறவர்கள் தங்களுக்குள் பாக்டீரியாவைப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். கூழுக்கு லேப் சர்டிஃபிகேட் எதற்கு? ஒரே அண்டாவிலிருந்து தெருவே வாங்கிக் குடிக்கிறது, அது போதாதா?

வாடை விஷயம் எப்போதும் சிரிப்போடு முடிவதில்லை. 2021 டிசம்பரில், குமரி மாவட்டம் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வீட்டுக்குக் கிளம்பிய ஒரு அம்மா, வாடை அடிப்பதாகச் சொல்லி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். அவர் பேருந்து நிலையத்தில் குமுறிய வீடியோ வைரலானது, முதல்வர் கண்டித்தார், ஊழியர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள். அந்தப் பேருந்தில் ஏறிய எல்லோருடைய தோலிலும் அதே குடித்தனம் இருந்தது. வித்தியாசம், அவருடைய கூடையில் மற்றவர்களின் ராத்திரிச் சாப்பாட்டுக்கான மீன் இருந்திருந்தது.

பழவேற்காட்டிலும் மீன் கூடைகள் பொன்னேரிப் பக்கம் போயாக வேண்டும். அடுத்த ஞாயிறு காரில் போகிறவர்கள் கண்ணாடியை இறக்கிவிட்டே போகலாம். கொஞ்ச நேரத்தில் மூக்குக்குப் பழகிவிடும்; இறால் வாங்கித் திரும்பும்போது அதே வாடை டிக்கியிலும் வரும்.