மாஷோவின் புதிரும் நம் செவியும்

14-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கவியும் சங்கீத வித்வானுமாகிய கியோம் த மாஷோ இயற்றிய 'என் முடிவே என் தொடக்கம்' என்னும் மூன்று குரல் பாட்டைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர், அதன் புதிரை விளக்கிவிட்டு, இது கண்ணுக்கு விருந்தேயன்றிக் காதுக்கு அன்று என்று தீர்ப்புக் கூறி அகன்றுவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பு நியாயமானதென்று எனக்குத் தோன்றவில்லை.

ஏட்டில் எழுதப்பட்டிருப்பவை இரண்டு குரல்களே. ஒரு பாடகர் முதற்குரலை ஆரம்பத்திலிருந்து பாடிச் செல்ல, இன்னொருவர் அதே ஸ்வர வரிசையை அதே வேளையில் கடைசியிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் பாடி வருகிறார். மூன்றாமவருக்கோ பாதி இசைதான் எழுதித் தரப்பட்டிருக்கிறது, அதை முடித்ததும் அவர் வந்த வழியே திரும்பவேண்டும். ஆகவே பாட்டின் பிற்பாதி முற்பாதியின் மாலைமாற்றாக அமைகிறது. மேற்குரல்கள் இரண்டும் தம்முள் இடம் மாறிக்கொள்வதொன்றே வித்தியாசம். ரோந்தோ என்னும் அக்காலத்துப் பாட்டு வகையில் முற்பாதி ஐந்து தடவையும் பிற்பாதி மூன்று தடவையும் வருமாதலால், மூன்றாம் குரல் மும்முறைதான் திரும்பி நடக்கிறது. இந்தக் கணக்கையும் பாட்டின் சொற்களே சொல்லிவிடுகின்றன!

இதில் கஷ்டம் எங்கே இருக்கிறதென்றால், அந்நாளைய பல்குரல் இசையில் ஒவ்வொரு வாக்கியமும் முடியுமிடத்தில் குரல்கள் நாம் ஷட்ஜம், பஞ்சமம், மேல் ஷட்ஜம் என்று சொல்லும் பூரண ஒத்திசைவில் சேர்ந்து நிற்பது நியதி. அதற்குச் சற்று முன்னே வரும் உராய்வுள்ள ஸ்வரங்கள் அந்த அமைதிக்காகச் செவியை ஏங்க வைக்கும். இசையைத் திருப்பிப் பாடினாலோ, அமைதி முன்னதாகவும் உராய்வு பின்னதாகவும் வந்து அர்த்தம் கெட்டுவிட இடமுண்டு. இரு திசையிலும் குரல்கள் இயல்பாகவே நடந்து இயல்பாகவே நிற்கும்படி ஒவ்வொரு ஸ்வரத்தையும் தேர்ந்து வைத்திருக்கும் சாமர்த்தியத்தை வெறும் கண்கட்டு வித்தையென்று எப்படித் தள்ளுவது?

மாஷோ குருடரான போஹீமிய மன்னர் ஜானிடம் காரியதரிசியாக ஊழியம் புரிந்து, பின்னர் ரேம்ஸ் நகரத்துப் பேராலயத்தில் பதவி வகித்து, 1377-இல் காலமானவர். தம் கவிதைகளையும் பாட்டுக்களையும் ஒருங்கே திரட்டி இன்ன வரிசையில் எழுதப்படவேண்டுமென்று சிரத்தை கொண்டவர் அவர். அத்தகையவருக்கு ஒழுங்கு என்பது விளையாட்டுப் பொருளாயிருந்திருக்க முடியாது. 1320-ஐ ஒட்டி எழுந்த 'புதிய கலை' என்னும் இசைமுறை நுண்ணிய தாளப் பிரிவுகளை எழுதிக்காட்ட வழி வகுத்தது. ஆலயங்களில் இசையைத் துண்டுதுண்டாக நறுக்குகிறார்களென்று போப்பாண்டவர் 22-ஆம் ஜான் சில ஆண்டுகளுக்குள்ளேயே சீறினார். அந்தக் கலையின் மெருகு இப்பாட்டில் முழுமையாகத் தெரிகிறது.

பின்னோக்கிச் செல்லும் மெட்டைச் செவி அடையாளம் காணாது என்பது மெய்தான். ஆனால் அதனாலேயே, புதிரை முன்னதாகச் சொல்லிவிட்டால் ரசிகர் கிடைக்காததைத் தேடிக்கொண்டிருப்பாரே தவிர, மூன்று குரல்களும் பின்னிப் பிரியும் அழகைக் கேட்கமாட்டார். விளக்கவுரையைப் பாட்டுக்குப் பிறகு வைத்து, அது முடிந்ததும் இன்னொரு முறை பாடச் செய்வதே உசிதம். சில நிமிஷங்களில் முடிந்துவிடும் சிறிய உருப்படிதானே, கச்சேரி நடத்துகிறவர்களுக்கு அதில் பெரிய நஷ்டமொன்றும் வந்துவிடாது.